கையெழுத்துப் போட மாட்டேன்

ஃப்ரீமான்ட்டில் ஆபீசுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த என் கணவரை ஒரு கார் இடித்தது. மூளையில் ரத்தக்கசிவு, ஆபரேஷன், மூன்று வாரம் நினைவில்லை. கண் திறந்தபோது வலது கை அசையவில்லை. பேச்சும் போயிருந்தது.

மறுவாழ்வு மையத்தில் ஆறாவது வாரம் என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள்.

"நாம் சொல்வது அவருக்குப் புரியவில்லை. இனி பராமரிப்பு இல்லம்தான் சரி," என்றார் டாக்டர். பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

"எந்த மொழியில் டெஸ்ட் பண்ணினீங்க?" என்றேன்.

"இங்கிலீஷில்தான். இத்தனை வருஷம் இங்கே என்ஜினீயராக இருந்தவர்."

"அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். காலேஜ் போகிறவரைக்கும் இங்கிலீஷில் பேசினதே இல்லை. தமிழில் டெஸ்ட் பண்ணுங்க. அதுவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் பேசினால் அவர் என் கையை அழுத்துகிறார் என்று முன்பே சொல்லியிருந்தேன். குடும்பத்துக்காரர்கள் அப்படித்தான் நம்ப ஆசைப்படுவார்கள் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அந்தத் தட்டலை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

மூன்று நாள் அடம்பிடித்தபின் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தார்கள். நான் ஜாடை காட்டிவிடுவேனாம். என் கணவரின் முதுகுக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "வணக்கங்க. மேஜை மேல சீப்பு எதுன்னு காட்டுங்க."

இடது கை மெதுவாக நகர்ந்து சீப்பைத் தொட்டது.

"எழுதுறது எதுங்க?"

பேனாவைத் தொட்டது. பயிற்சியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரிங்க, சீப்பை எடுத்து அந்தக் கப்புக்குள்ள போடுங்க."

அவர் சீப்பைப் பார்த்தார். கப்பைப் பார்த்தார். தோள்கள் இறுகின.

"எ... எதுக்கு?"

விபத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. போனில் இருந்தவள் சிரித்துவிட்டு, அதை இங்கிலீஷில் சொன்னாள். நான் டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"இதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்க," என்றேன்.

"முதலிலேயே நான் கேட்டிருக்கணும்," என்றாள் பயிற்சியாளர். அன்று முதல் அவள் தமிழ் வார்த்தைகளை என்னிடம் கேட்டு, இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு அவருக்குப் பயிற்சி கொடுத்தாள்.

இரண்டு வருஷமாகிறது. கம்பு ஊன்றி நடக்கிறார். இங்கிலீஷ் பாதி திரும்பியிருக்கிறது. பழைய வேலைக்கு இனி போக முடியாது.

போன மாதம் லிவர்மோர் கோயிலில் ஒரு ஆன்ட்டி, அவர் பக்கத்தில் நிற்கும்போதே, "பழையபடி ஆயிடுவாராம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"இங்கதானே நிக்கிறார் ஆன்ட்டி," என்றேன்.

என் கணவர் வார்த்தையைத் தேடினார். நேரமானது. ஆன்ட்டி தவிப்போடு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆக... மாட்டேன்," என்றார் அவர். பிறகு, "பசிக்குது."

புளியோதரை வாங்கப் போனோம். வரிசையில் எனக்கு முன்னால் அவர்தான் நின்றார்.