கன்னிமூலைக்காரர்

சேரப்பணஞ்சேரி சுப்பராயனுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். பேர் தெரியாது, ஊர் தெரியாது, முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் வருஷா வருஷம் மார்கழி பிறந்தால் அவர் வந்துவிடுவார். வந்து, பலகையில் ஐந்து ஓட்டை போட்டுவிட்டுப் போவார். இவர் அந்த ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி மூடுவார். இருவருக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

ஊருக்குத் தெற்கே, கரட்டின் அடியில், ஆயுதப்படைப் போலீஸ்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம் ஒன்று இருந்தது. மைதானம் என்று பெரிதாகச் சொன்னாலும், வேலிக்காத்தான் முள்ளை வெட்டித் தள்ளிய பொட்டல்தான். ஒரு கோடியில் படுத்துச் சுடுவதற்கு மணல் மூட்டைகள். மறு கோடியில் குண்டுகளை வாங்கிக்கொள்ள ஒரு மண்மேடு. மேட்டுக்கு முன்னால் ஆள் முழுக்க மறையும் ஆழத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் நின்று கயிற்றை இழுத்தால், கறுப்பு வட்டம் போட்ட காகிதம் ஒட்டிய நான்கு பலகைகள் தலைக்கு மேலே எழும்பும், தளர்த்தினால் கீழே இறங்கும். அந்தக் கயிறுகள்தான் சுப்பராயனுடைய உத்தியோகம்.

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு, பொங்கல் வருவதற்குள் ஒரு வார காலம் சுடுவார்கள். மற்ற நாளெல்லாம் சுப்பராயன் தன் காணித் துண்டில் கேழ்வரகு போடுகிற மனிதர்தான். அந்த ஒரு வாரம் மட்டும் அவர் சர்க்கார் ஆள். விடியும்போதே பள்ளத்தில் இறங்கிவிட வேண்டும். மழைக்கு ஊறிய தண்ணீர் காலடியில் கசிந்துகொண்டிருக்கும். பனி என்றால் அப்படியொரு பனி. எதிரே மணல் மூட்டையும் தெரியாது, அதன் பின்னால் படுத்திருக்கிறவனும் தெரியாது. குளிரில் மைதா பசை கட்டிக்கொள்ளும் என்பதால் பசை டப்பாவைத் துணியில் சுற்றி, கம்பளிக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்வார். மேலே குண்டுகள் பறக்கும். சுட்டு ஓய்ந்ததும் நுனியில் வட்டத் தகடு பொருத்திய கழியை எடுத்து, ஓட்டை விழுந்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். அந்தக் கோடியில் ஒருவர் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதிக்கொள்வார். பிறகு ஓட்டைகளை ஒட்டி மூடிவிட்டு, பலகையை மறுபடி ஏற்ற வேண்டும். பறங்கிமலையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் அந்தக் கூட்டம் அங்கே பீடி பிடித்து, டீ குடித்து, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருக்கும். இவருக்கு அனுப்பும் டீ பொட்டலைக் கடந்து வருவதற்குள் பச்சைத்தண்ணீராகிவிடும்.

முப்பது வயதில் இறங்கினார். வெடிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றது. நாற்பதை எட்டும்போது பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. ஊர்க்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு மனிதரிடம் ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று தரம் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் விடுவார்கள், பேச்சில் விடமாட்டார்கள். பெண்சாதி மரகதம் மணிமங்கலத்தில் அண்ணன் வீட்டுக் கல்யாண வேலைக்கென்று போனவள், கல்யாணம் முடிந்தும் வரவில்லை. சண்டை ஒன்றுமில்லை. “கத்திக் கத்தித் தொண்டை தண்ணி வத்திப்போச்சிண்ணா, கொஞ்ச நாளு இங்கயே கீறேன்” என்றாளாம். கொஞ்ச நாள் வருஷக்கணக்காகிவிட்டது. பிள்ளை குட்டியும் இல்லை. சுப்பராயன் தனியாகப் பொங்கி, தனியாகத் தின்று, தனியாகப் படுத்தார்.

அப்படியிருந்த மனிதருக்குத்தான் கன்னிமூலைக்காரர் கிடைத்தார்.

எல்லார் குண்டும் பலகையில் சிதறி விழும்போது, ஒருவருடையது மட்டும் கூட்டமாக ஒரே பக்கத்தில், கறுப்பு வட்டத்துக்குக் கீழே இடப்புறமாக விழுந்தது. பலகையின் தலைப்பக்கம் வடக்கு என்று வைத்துக்கொண்டால் அது தென்மேற்கு, கன்னிமூலை. மனை பார்க்கிற ஊரில் வேறெப்படிப் பேர் வைப்பார்? முதல் வருஷம் சிரித்தார். அடுத்த வருஷமும் அதே மூலை. ஒரு வருஷம் இரண்டாம் பலகையில் வந்தார், ஒரு வருஷம் நான்கில் வந்தார். எந்தப் பலகையில் ஒளிந்துகொண்டாலும் சுப்பராயன் கண்டுபிடித்துவிடுவார். “வந்துட்டியா ராசா” என்று பள்ளத்துக்குள்ளிருந்தே வரவேற்பார்.

சுடுவதில் அவருக்கு அப்படியொரு ஆசை. ஒரு முறை சுட்டு அடங்க மாட்டார். ஒரே காலையில் ஐந்தாறு தரம் வந்து படுத்துவிடுவார். ஒரு தரம் நெருக்கிப் போடுவார், மறுதரம் அகட்டிப் போடுவார். ‘மனசு ஒரு நெலையில நிக்காத ஆளு’ என்று சுப்பராயன் செல்லமாக அலுத்துக்கொள்வார். ஒரு வருஷம் ஐந்து ஓட்டையும் உள்ளங்கைக்குள் அடங்கின. சரி, கல்யாணம் ஆகிவிட்டது என்று முடிவு கட்டினார். அடுத்த வருஷம் கன்னாபின்னாவென்று விழுந்தது. கைக்குழந்தை அழுதிருக்கும், பாவம், தூக்கமில்லை. இன்னொரு வருஷம் பாதிக் குண்டுகள் பலகையைத் தொடாமல் மண்ணில் புதைந்தபோது சுப்பராயனுக்கு மனசே சரியில்லை. வீட்டில் ஏதோ பெரிய துக்கம் என்று பட்டது. மணிமங்கலம் பெருமாள் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினார். யார் பேருக்கு, என்ன நட்சத்திரம் என்று பட்டர் கேட்டார். திருதிருவென்று விழித்துவிட்டு, “சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்றார்.

போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். சுட்டு முடித்ததும் அவர்கள் லாரி ஏறிவிடுவார்கள். இவர் பலகைகளை இறக்கி, கயிறு சுருட்டி, மேலே ஏறி வருவதற்குள் புழுதிதான் மிஞ்சியிருக்கும். உண்மையைச் சொன்னால் அதுமட்டும் காரணமில்லை. போய் நின்றால் பேச வேண்டும். பேசினால் அவர் பதில் சொல்வார். அது காதில் விழாது. ‘இன்னா, இன்னா’ என்று இரண்டு தரம் கேட்டதும் அவர் முகத்திலும் அந்த அலுப்பு வந்துவிடுமோ என்று பயம்.

எழுபத்தெட்டாம் வருஷத்து மார்கழியில் கன்னிமூலைக்காரர் வரவில்லை.

முதல் நாள் போகட்டும் என்று இருந்தார். மறுநாள் ஒவ்வொரு பலகையாகத் தேடினார். வாரம் முடிந்து லாரிகள் போய்விட்டன. மாற்றலாகிப் போனாரா, செத்தே போனாரா, யாரைக் கேட்பது? என்னவென்று கேட்பது? தாங்கமாட்டாமல் மணிமங்கலத்துக்குப் போய் மரகதத்திடம் சொன்னார்.

“செத்தது யாருய்யா?” என்றாள் காதோரம்.

“தெரியல. செத்தாரான்னே தெரியல.”

“பேரு?”

“தெரியல.”

மரகதம் முறத்தைக் கீழே வைத்தாள். “பேரு தெரியாதவனுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? நானு இந்த வூட்டுக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது! எனுக்காவ ஒரு நாளு உன் மூஞ்சி இப்படி சுண்டிச்சாய்யா?”

சுப்பராயன் கேட்காதது போல இருந்துவிட்டார். செவிடருக்கு அந்த ஒரு வசதி உண்டு.

அந்த வருஷம் முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் மட்டும் அவர் வந்துவிட்டால், பயமாவது ஒன்றாவது, போய் எதிரே நின்றுவிடுவது. பார்க்காமலே ஒரு மனிதரைப் பறிகொடுப்பது ஒரு தடவை போதும்.

எழுபத்தொன்பது மார்கழி. பள்ளத்துக்குப் போகும்போதே துண்டில் ஒரு மூட்டை இருந்தது. வேக வைத்து, நார் உரித்து, மஞ்சளும் உப்பும் போட்ட பனங்கிழங்கு. முதல் நாள் கொண்டுபோனதைத் தானே தின்றார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் பனி விலக வெகுநேரமானது. வெயில் மங்கலாக வந்தபின் சுட ஆரம்பித்தார்கள். ஓய்ந்ததும் பலகைகளை இறக்கினார். மூன்றாவதில், கறுப்பு வட்டத்துக்குக் கீழே, இடப்புறமாக, ஐந்து ஓட்டை.

சுப்பராயன் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். யாரும் பார்க்காத பள்ளம்தானே, நன்றாகவே அழுதார்.

அன்றைக்குச் சுட்டு முடிந்ததற்கு அடையாளமாக வெள்ளைக்கொடி ஏறியது. பலகைகளை இறக்காமல், கயிற்றைச் சுருட்டாமல், அப்போதே உரித்துப் பத்திரமாக வைத்திருந்த மூன்றாம் பலகைக் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். துண்டு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, பொட்டலில் ஓட்டமும் நடையுமாக வந்தார். லாரி இன்னும் கிளம்பவில்லை.

போலீஸ்காரர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். துப்பாக்கிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ஏட்டு ஏகாம்பரநாதன் நிமிர்ந்தார். காஞ்சிபுரத்துக்காரர், ஆயுதங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

“இன்னா பெரியவரே, பாம்பு கீம்பா?”

“மூணாம் பலகையில சுட்டவரு யாருங்க ஏட்டையா?” காது கேளாதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. பொட்டல் முழுக்கக் கேட்டது.

ஒருவன் கை தூக்கினான். பக்கத்தில் இன்னொருவனும் தூக்கினான். அப்புறம் இன்னும் நாலைந்து பேர். “நாங்க மாத்தி மாத்திப் படுத்தோம் பெரிசு. உனுக்கு எவன் வேணும்?” என்று சிரித்தார்கள்.

சுப்பராயன் காகிதத்தை விரித்துக் கன்னிமூலையை விரலால் தொட்டுக் காட்டினார். “இவரு.”

ஏகாம்பரநாதன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பெட்டிக்குள் கைவிட்டு, மூன்றாம் பலகைக்குக் கொடுத்திருந்த துப்பாக்கியை உருவினார். அதன் முனையில் குறி பார்க்கும் சின்ன முள்ளை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். முள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து, கொஞ்சம் தூக்கலாகவும் இருந்தது.

“இது ஆளு இல்லப்பா,” என்று காதோரம் வந்து கத்தினார். “இதான். எவன் சுட்டாலும் கீழதான் போவும், எடதுபக்கந்தான் போவும். ரொம்ப வருசமா இப்படித்தான் இருந்துகினு கீது போல, எவனும் கவனிக்கல. போன வருசம் இதோட மரக்கட்டை வெடிச்சிப் போயி ஸ்டோர்ல கெடந்திச்சி, எத்துனு வரல. புரிஞ்சிதா?”

சுப்பராயனுக்கு எல்லா வார்த்தையும் முதல் தடவையிலேயே கேட்டது.

கல்யாணமும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை. அந்த ஒரு வருஷத்துத் துக்கமும் இல்லை. பட்டர் அர்ச்சனை செய்ததுகூட ஓர் இரும்புக்கும் கட்டைக்கும்தான். சுப்பராயன் நின்ற இடத்திலேயே நின்றார். யாரோ அவர் கை மூட்டையைத் தொட்டார்கள்.

“இது இன்னா பெரிசு? யாருக்கு?”

“சுட்டவருக்கு,” என்றார்.

“அப்ப எங்களுக்குத்தான்!” என்று மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். குளிருக்கு இதமாக ஆளுக்கொன்றாகப் பிளந்து தின்றார்கள். நல்லா கீது என்று தலையாட்டினார்கள். மூட்டை காலியாகித் துண்டு மட்டும் திரும்பி வந்தது.

ஏகாம்பரநாதன் மட்டும் தின்னவில்லை. அவர் சுப்பராயன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன புரிந்ததோ, கிட்டே வந்தார். “நீ காட்டனது நல்லதாப் போச்சி பெரியவரே. நாளைக்கே முள்ள தட்டி நேரா பண்ணிட்றேன்.”

“வேணாங்க.”

“வேணாமா? எப்படி விட முடியும்? பாத்துட்டேனே!”

பார்த்துவிட்டார் என்றால், பார்க்க வைத்தது யார்? ஓடி வந்து காகிதத்தைப் பிரித்தது யார்? சுப்பராயன் காலித் துண்டை மடித்தும் பிரித்தும் நின்றார்.

ஏட்டு சட்டைப்பையைத் தடவி, மீந்துபோன ஒரு தோட்டாவை எடுத்தார். “இத்த ஒண்ணத் திருப்பி எத்துனு போனா ஸ்டோர்ல ஆயிரம் கேள்வி கேப்பானுங்க. தட்டறதுக்கு மின்னாடி நீயே சுட்டுடு. வா, படு.”

இத்தனை வருஷத்தில் சுப்பராயன் துப்பாக்கியைத் தொட்டதில்லை. பனியில் நனைந்த மணல் மூட்டைமேல் அதை வைத்துக்கொடுத்து, தோளில் அழுத்தி, கன்னத்தை ஒட்டிக்கொள்ளச் சொன்னார் ஏட்டு. கட்டை சில்லென்று இருந்தது. எதிரே நான்கு பலகைகள் கையகலத்துக்குத் தெரிந்தன. இங்கிருந்து பார்த்தால் அந்தப் பள்ளம் இருப்பதே தெரியவில்லை. அதற்குள் ஒருவன் இருப்பான் என்று யாருக்கு நினைப்பு வரும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நான்காம் பலகையின் கறுப்பு வட்டத்துக்கு நட்ட நடுவில் முள்ளை வைத்து இழுத்தார். தோளைப் பிய்த்துக்கொண்டு போனது போல இருந்தது. வெடித்தது அவருக்கே கேட்டது.

ஏட்டு துப்பாக்கியை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பெட்டி ஏறியது, ஆட்கள் ஏறினார்கள், லாரி படப்பைப் பக்கமாகப் போய்விட்டது. சுப்பராயன் வெறும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொட்டலைக் கடந்து திரும்பி நடந்தார்.

நான்காம் பலகையை அண்ணாந்து பார்த்தார். காலையில் விழுந்தவற்றையெல்லாம் மூடியாயிற்று. புதிதாக ஒரே ஓட்டை. கறுப்பு வட்டத்துக்குக் கீழே, இடப்புறம், கன்னிமூலையில்.

பள்ளத்தில் இறங்கினார். கட்டிப்போயிருந்த பசை டப்பாவைத் தொடவில்லை. வட்டத் தகடு பொருத்திய கழியை எடுத்து, தலைக்கு மேலே உயர்த்தி, அந்த ஓட்டையின்மேல் சரியாகப் பொருத்திப் பிடித்தார். எதிர்க்கோடியில் மணல் மூட்டைகள் மட்டும் கிடந்தன. சுட்டவர் பார்த்திருப்பார் என்று தோன்றுமளவுக்கு வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.