முதல் ஆளாய்ச் சாப்பிட்டவள்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, 1925-ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு நாள், பண்ணையக்காரர் ரத்தினசாமியின் மனைவி நாச்சம்மாள் வாய்க்கால் சேற்றில் வழுக்கி விழுந்தாள். மூன்று ஆட்கள் கைகொடுத்தும் தூக்க முடியவில்லை. கடைசியில் கிணற்றில் நீர் இறைக்கும் மாட்டை ஓட்டி வந்து, அவள் இடுப்பில் வடத்தைக் கட்டி இழுத்தார்கள். அட கொடுமையே, நாற்பது வயசுப் பொம்பளையை மாடு கட்டி இழுப்பதா! யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் உறைத்தது.

அந்த உடம்பு பெருந்தீனியால் வந்தது என்று ஊரே பேசியது. ஊர் வாய்க்கு என்ன தெரியும்! மத்தியானம் மூன்று மணி வரை அவள் வாயில் ஒரு வாய் கஞ்சி போனதில்லை. புருஷன், விருந்தாளி, பண்ணையாட்கள் எல்லாரும் உண்டு எழுந்த பிறகுதான் அந்த வீட்டுப் பொம்பளை உட்கார வேண்டும். அதற்குள் பசி கண்ணை மறைக்கும். சட்டிகளில் கிடக்கிற நெய்ச்சோறு, பருப்பு, பண்டம் அத்தனையையும் வழித்துத் தின்பாள். சோற்றைக் கொட்டுவது பாவம் என்று பழக்கிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுதில், யாரும் உட்காரும் முன்னே அவள் தன் பங்கைப் போட்டுக்கொண்டாள். ஒரு ராகிக் களி உருண்டை, ஓர் அகப்பை கொள்ளுப் பருப்பு, நிறையக் கீரை, ஒரு செம்பு மோர். பரிமாறுவதை மகள் மருதாத்தாளிடம் விட்டு, கடைசியில் மிஞ்சுவதை மாட்டுத் தாழியில் கொட்டச் சொல்லிவிட்டாள். ரத்தினசாமி திகைத்து நின்றார்.

"ஏ புள்ள, என்ன கூத்து இது?"

"பசிக்குதுங்க. அதான் சாப்புடறேன்."

அவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், வெளியே தெரியாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

அவள் பட்டினி கிடக்கவில்லை. நோம்பி நாளில் இனிப்புக் கச்சாயம் சுட்டால் ஒன்று தின்றாள். உடம்பு அவசரப்படாமல் இறங்கியது. ஒன்றரை வருஷத்தில் முட்டிவலி போய், சந்தைக்கு நடந்தே போய்வந்தாள்.

வந்ததே வினை! வசதியான வீட்டுப் பொம்பளை இளைத்தால் அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான், சயரோகம். பேச்சு கோபாலபுரத்திலிருந்த அவள் அண்ணன் மாரப்பன் காதுக்குப் போனது. அவர் மகனுக்குத்தான் நாச்சம்மாளின் மகள் மருதாத்தாளைப் பேசி முடித்திருந்தது. வைகாசி மாதம் கல்யாணம்.

மாரப்பன் வண்டி கட்டி வந்தார். தங்கையைக் கண்டதும் வாசலிலேயே கண் கலங்கினார்.

"அம்மிணி, என்ன இப்படி உருகிப் போயிட்ட? நோவுள்ள ஊட்டுல பொண்ணெடுக்க வேண்டாமுங்கறா உன்ற அண்ணி."

மகள் கல்யாணம் நின்றுவிடுமா? காய்ச்சல் வந்து குணமாயிற்று என்று சொல்லிவிடும்படி ரத்தினசாமி பின்னாலிருந்து மெல்ல முணுமுணுத்தார். இல்லாத நோயைத் தன் மேல் போட்டுக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை.

"நோவொண்ணும் இல்லீங்ணா. பசிக்கறப்ப, எல்லாருக்கும் முந்தி என்ற பங்கைச் சாப்புடறேன். மிச்சத்த வழிச்சுத் தின்னறதில்ல. அவ்வளவுதானுங்க."

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மாப்பளைக்கு முந்தியா? அட, சயம்னாக்கூட வைத்தியம் பாத்திருப்பனே! புருசனுக்கு முந்தித் தின்னறவ வளத்த புள்ளைய எந்த மூஞ்சியோட என்ற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியேறினார். நாச்சம்மாள் வண்டி போன தடத்தையே பார்த்தாள். கூடப்பிறந்தவனுக்குத் தன் சாவைவிடத் தன் சாப்பாடா பெரிய குற்றம்?

சமையல்கட்டிலிருந்து வந்த மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்ற கல்யாணத்தக் கெடுத்துப்போட்டேன் கண்ணு."

மருதாத்தாள் அழவில்லை. "கல்யாணம் கெடக்குதும்மா. ஒன்றரை வருசமா நீங்க முதல்ல உக்காந்தீங்க. உங்களுக்குப் பதிலா எல்லாருக்கும் பரிமாறிட்டு, சோத்தக் கொட்ட மனசில்லாம மூணு மணிக்கு அந்தச் சட்டிய வழிக்க யாரு உக்காந்தாங்கன்னு ஒரு நாளாச்சும் பாத்தீங்களா?"

நாச்சம்மாள் அதிர்ந்து நிமிர்ந்தாள். பதினாறு வயசு மகளின் முகமும் கையும் உப்பியிருந்தன. நாலு எட்டு நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. ஐயோ, ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமலா போனோம்! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், இரண்டு வட்டிலில் களி போட்டாள்.