தொட்டும் சேராதவை

கருத்தரிப்பு மையத்தில் கருவியலாளர் வேலை என்றால், இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, அடுத்தவர் வாழ்க்கைக்காக நம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது. ரிசல்ட்டுக்காக ஏதாவதொரு வாசலில் பெஞ்சைத் தேய்த்தவர்களே, உங்களுக்குப் புரியும்: கதவுக்கு இந்தப் பக்கமும் அதே தவிப்புதான்.

அறிமுகம்

எடப்பாடியில் தறி ஓட்டும் தங்கராசும் அவர் மனைவி பூங்கொடியும், கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து நாமக்கல்லில் உள்ள எங்கள் மையத்துக்கு வந்தார்கள். பூங்கொடியின் முட்டைகளையும் தங்கராசின் விந்தணுக்களையும் ஒரே தட்டில் விட்டேன். மொய்த்த அணுக்கள் வால் வீசித் தள்ளியதில் ஒரு முட்டை மெல்லச் சுழன்றது. நிலா புரண்டு படுப்பதுபோல் இருந்தது. வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை ஒன்றுகூடக் கருவாகவில்லை. சில அணுக்கள் வெளியோட்டைத் தாண்டி, முட்டையின் சவ்வைத் தொட்டபடி நின்றிருந்தன, சேரவில்லை. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் ஒன்றையொன்று அடையாளம் காணும் என்று இருவருக்கும் விளக்கினேன். 'ஆடம்' என்றொரு புரதக் குடும்பம் உண்டு. சேர்த்து வைப்பதே அதுதான் என்று முன்பு நம்பினார்கள், இப்போது வேறு புரதங்களையும் சொல்கிறார்கள். இவர்களிடம் எது குறை என்று கண்டுபிடிக்க எங்களிடம் சோதனை இல்லை. தங்கராசு கேட்டார்: "அப்ப ரெண்டு பக்கமும் நல்லவங்கதான். அறிமுகம் பண்ணி வெக்கத்தான் ஆளில்லீங்களா?"

பண்ணைக்காரர்

அதே வாரம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவருக்கும் இதே செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. மனைவியை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே முட்டை லாரி திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எம்பட பண்ணையில சேவலே இல்லாம தெனமும் முட்டை வருதுங்க. ஒண்ணுத்துலயும் உசுரு இல்லைன்னு இன்னிக்குத்தான் தோணுது."

பார்த்த சாட்சி

அடுத்த முறை தங்கராசின் ஓர் அணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் வைத்தேன். சவ்வின் சம்மதம் கேட்கவில்லை. மறுநாள் உள்ளே தாயின் பங்கும் தந்தையின் பங்குமாக இரண்டு சின்ன வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூன்றாம் நாள் எட்டு செல்கள், பனித்துளி மாதிரித் தெளிவாக. அதைப் பூங்கொடியின் கருப்பையில் வைத்தார் டாக்டர். இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை, கரு தங்கவில்லை என்றது.

நான் பூங்கொடியின் முகத்தைப் பார்க்கத் தயங்கி உள்ளேயே இருந்துவிட்டேன். அவரே என்னைத் தேடி வந்தார். அழவில்லை. அந்தக் கரு பார்க்க எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். உருண்டையாக, அழகாக இருந்தது என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அதைப் பாத்தவங்கன்னு ஒருத்தராச்சும் இருக்கீங்களே, போதுங்க. அடுத்த மாசம் வாரேன்."

இரண்டு செல்கள் ஏன் சேருகின்றன, ஏன் சேர்வதில்லை என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. என் அறைக் கதவில் மட்டும் 'நிபுணர்' என்று எழுதியிருக்கிறது.