டாக்டரம்மாவின் ஜெபமும் வெள்ளையன் மாடும்

எங்கள் தொழிலில் நோயாளி வாய் திறக்காது. கூட வருகிறவர் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார். கொல்லிமலையில் கால்நடை ஆய்வாளராக ஆறு வருஷம் தள்ளிவிட்டேன். நான் டாக்டர் இல்லை, ஊசி போட்டு முதலுதவி செய்கிறவள் என்று எத்தனை முறை சொன்னாலும் இங்கே எனக்கு டாக்டரம்மா என்றுதான் பேர். கீழே இருந்து மலைக்கு மாற்றலாகி வந்து, இறங்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் சக ஊழியர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போய்ப் பழகியவர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஜெபித்துக் கிடைத்த இடம்

சேலத்துக்குப் பக்கத்திலேயே போஸ்டிங் வேண்டும் என்று உபவாசம் இருந்து ஜெபித்தேன். கிடைத்தது கொல்லிமலை மேல் இருக்கும் அரியூர் நாடு. சபையில் எழுந்து நின்று, எல்லாம் தேவ சித்தம் என்று சிரித்த முகத்தோடு சாட்சி சொன்னேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் ஒரு மணி நேரம் புலம்பினேன்.

அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பஸ் ஏறி, மலைப்பாதையில் பாதி வளைவு தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி. மிளகு மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தண்ணீர் கொடுத்து, எதற்கு மலைக்கு வருகிறேன் என்று விசாரித்தார். கர்த்தர் அனுப்பி வருகிறேன் என்றேன். அந்த நிலையிலும் எனக்குப் பிரசங்கக் குரல். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இங்க தானா யாருங்க வர்றாங்க? எல்லாரையும் யாராச்சும் அனுப்பித்தானுங்க வர்றாங்க.”

பட்டி காலி

ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் வாரம். மருந்து சூடாகக் கூடாது என்று ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோடு முடிந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தேன். போய்ச் சேர்ந்தால் பட்டியில் ஒரு ஆடுகூட இல்லை. எல்லாம் மேய்ச்சலுக்குப் போயாயிற்று. மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த வெள்ளையன் மட்டும் அகப்பட்டார். ஆடு மாடு வைத்திருக்கும் விவசாயி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நேற்றே ஆள் அனுப்பிச் சொன்னேனே, ஐஸ் உருகுகிறதே, மனுஷருக்குப் பொறுப்பு வேண்டாமா என்று கத்தினேன். ஞாயிறு பள்ளியில் பல வருஷம் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நான். வெள்ளையன் நான் முடிக்கும்வரை நின்று கேட்டார்.

“எங்ககிட்டச் சொன்னாங்க. ஆட்டுகிட்டத்தான் யாரும் சொல்லலீங்க.”

பெரிய வெள்ளி

அன்றைக்காவது ஆராதனைக்குப் போய்விட வேண்டும் என்று வெள்ளைப் புடவை கட்டி, காலையிலேயே பஸ்ஸுக்கு நின்றேன். வெள்ளையன் ஓடி வந்தார். மாடு விடியற்காலையிலிருந்து கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். இன்று எனக்கு விடுமுறை, டாக்டருக்கு போன் போடுங்கள் என்றேன். டவர் இல்லை. பக்கத்து ஊர் உதவியாளரைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் ஊரில் இல்லை. இப்படியே அரை மணி நேரம் நான் பேச, அவர் கைகட்டி நின்றார். கடைசியில் பஸ் வந்து, போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.

கன்றின் முன்னங்கால் மடங்கிக் கிடந்தது. கையை முழங்கை வரை உள்ளே விட்டு, அந்தக் காலை நேராக்கி இழுப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. கன்று உயிரோடு வரவில்லை. புடவையெல்லாம் ரத்தத்தோடு அங்கேயே உட்கார்ந்து, பஸ் ஸ்டாப்பில் நான் வீணாக்கிய அரை மணி நேரம்தான் கன்றைக் கொன்றது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளையன் மாட்டின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இருக்கலாமுங்க. நீங்க பஸ் ஏறியிருந்தா மாடும் போயிருக்கும். எந்திரிச்சுக் கை கழுவுங்க.”

ஆறுதல்

அடுத்த வருஷம் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். சேதி மலைக்கு வந்து, நான் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சபையார் வரிசையாக வந்தார்கள். தாங்கக்கூடிய பாரத்தைத்தான் ஆண்டவர் கொடுப்பார், இதிலும் ஒரு நோக்கம் இருக்கும் என்றார்கள். எத்தனையோ துக்க வீடுகளில் நானே வார்த்தை மாறாமல் சொன்னவை. அவற்றைக் கேட்க இப்படி இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்று அவர்கள் மேலும் கோபம், என் மேலும் கோபம். ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை.

விடுப்பு முடிந்து மலைக்கு வந்த அன்று வெள்ளையன் வாசலில் நின்றார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆட்டுக்கு வயிறு ஊதிக் கிடக்கிறது, வாரீங்களா என்றார். போனேன். எண்ணெய் புகட்டி, முன்னங்காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, விலாவை அழுத்தித் தேய்த்தேன். ஒன்றும் அசையவில்லை. ‘ஆண்டவரே, இதையாவது எனக்கு விட்டுவையும், எல்லாவற்றையும் எடுத்தாயிற்று அல்லவா’ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். இரண்டு மாதத்தில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான். கொஞ்ச நேரத்தில் ஆடு பெரிய ஏப்பம் விட்டது. நான் ஆட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெள்ளையன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏனுங்க, உங்க சாமிகிட்ட இப்படிச் சண்டை போடலாமுங்களா?”

சாட்சி நேரம்

போடலாம் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு தினமும் போடுகிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது, பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். முன்பெல்லாம் மைக்கைப் பிடித்தால் விடாதவள். இந்த முறை, கஷ்டமாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை, ஆனால் நான் கத்தும்போது ஆண்டவர் எழுந்து போகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முன்வரிசையில், போன வருஷம் மகனை இழந்த ஒரு சகோதரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா சிஸ்டர்? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே.”

இத்தனை பட்டும் பொறுமை வந்துவிட்டதா என்று கேட்டால், திட்டிக்கொண்டே கிளம்பிப் போகிற அளவுக்கு வந்திருக்கிறது, திட்டாமல் போகிற அளவுக்கு ஆக்க ஆண்டவர் இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாரோ என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.