மஞ்சள் துணியில் ஆமை

லித்தியானா பிஜித் தீவின் சுவா நகரச் சந்தையில் நண்டைக் கட்டுக்கட்டாக விற்பவள். பூப்போட்ட சட்டைக்குக் கோடு போட்ட பாவாடை, அதற்குமேல் புள்ளி போட்ட துண்டு: இருபது வருஷமாக இதுதான் அவள் உடுப்பு. அதில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு.

கொழுந்தன் கல்யாணம் வந்தது. வீட்டார் எல்லோரும் ஒரே துணியில் தைத்துப் போடும் கலவத்தாவுக்காக, மூத்த நாத்தனார் வசித்தி மஞ்சளில் ஆமை போட்ட துணி எடுத்தாள். லித்தியானாவுக்கு மட்டும் தரவில்லை.

"உனக்குக் குடுத்தா அதுக்கும் கோடு போட்ட பாவாடையத்தான் கட்டுவே. நீ போட்டோவுல நிக்கவே வேணாம்."

குடும்பமே மஞ்சளாக நின்று படம் எடுத்ததைப் பந்தல் ஓரத்திலிருந்து பார்த்தாள். இரு, உனக்கு வைக்கிறேன் என்று மனசுக்குள் கருவிக்கொண்டாள். திங்கட்கிழமை அதே கடைக்குப் போய், அந்தத் துணியில் மிச்சமிருந்ததை முழுசாக வாங்கி, தன்னோடு நண்டு விற்கும் பதினோரு பெண்களுக்கும் சட்டை தைத்துக் கொடுத்தாள். தனக்குத் தைக்கவில்லை.

சனிக்கிழமை வசித்தி கல்யாண உடுப்பில் மிடுக்காகச் சந்தைக்குள் வந்தாள். கூடையோடு நின்ற ஒருவர் மறித்தார்.

"ஏம்மா, நண்டு ஒரு கட்டு என்ன விலை?"

"நான் நண்டு விக்கிறவ இல்ல!"

அவர் வரிசையாக உட்கார்ந்திருந்த பதினோரு மஞ்சள் சட்டைகளைப் பார்த்தார். மறுபடி வசித்தியைப் பார்த்தார். பூவும் கோடும் புள்ளியுமாக இருந்த லித்தியானா நிமிர்ந்தாள்.

"எனக்கும் இவங்களுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்லங்க, என் துணியப் பாத்தாலே தெரியும். அண்ணி, கேக்கிறாருல்ல, விலையச் சொல்லுங்க!"