லயத்துக்குப் பொதுவான மாத்திரை

எங்கள் அப்பாவுக்குச் சீனி வியாதி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானோரத்தில் அவர் ஒதுங்கிவிட்டு வந்த இடத்தில் மட்டும் எறும்புகள் சாரிசாரியாக வந்து நிற்கும். வேறு மனிதராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். அப்பாவோ தன் உடம்பில் சத்து வழிந்தோடுகிறது என்று பெருமைப்பட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அவரைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலையில், ராகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். நான் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதினெட்டு வயது, என் வாய்க்கு மட்டும் நாற்பது. அந்த வாய் அப்பாவிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்வாள்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடியில் கட்டையும் குச்சியும் ஈட்டி போல நிற்கும். அதன் மேல் வெறுங்காலோடு நடந்துதான் வேலை. மற்ற ஆண்கள் முனகுகிற இடத்தில் அப்பா சிரிப்பார். அட்டை கடித்தாலும் முள் ஏறினாலும் கொஞ்ச நாளாகத் தனக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம்.

டிஸ்பென்சரி ஐயா யாழ்ப்பாணத்து மனிதர். தலைவலிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் ஒரே ரோஸ் நிற மிக்ஸர் மருந்தை ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறவர். அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, அப்பாவின் மூத்திரத்தில் ஒரு நீல மருந்தைக் கலந்து சூடாக்கிப் பார்த்தார். அது செங்கல் நிறத்துக்கு மாறியது.

"கால் விறைச்சுப் போறது வீரம் இல்லை, அது சீனி வருத்தம். புண் வந்தால் ஆறாது, பிறகு காலையே எடுக்க வேண்டி வரும். சீனியை விடும், சாராயத்தை விடும். சாப்பாட்டுக்கு முன்னம் இந்தக் குளிசையைப் போடும்" என்று ஐயா ஒரு மாத்திரைப் போத்தலைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவுக்கு ஒரே கவலை. "சீனிய விட்டா தேத்தண்ணிய எதோட குடிக்கிறது?" என்றார். எங்கள் பக்கம் பால் விடாத சாயத்தண்ணியில் சீனியைக் கலக்குவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்போம். கோப்பையில் கலக்கினால் கரண்டி என்று ஓர் அளவு உண்டு. கையில் வைத்தால் அது அவரவர் மனசாட்சி. அப்பாவுக்குக் கை பெரியது. காலையில் தட்டளவு கோதுமை ரொட்டி, பொழுது சாய்ந்ததும் சாராயம், சம்பள நாளில் ராகலை நானா கடையிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட மஸ்கட் அல்வா. இதுதான் அவர் உடம்பை வளர்த்த விதம்.

ஆனாலும் கால் போய்விடும் என்ற சொல் அவரைக் கொஞ்சம் உலுக்கியிருக்க வேண்டும். சில வாரங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது மாத்திரையைப் போட்டார். சீனியும் பாதியாகக் குறைந்தது. எறும்புகள் வேறு இடம் பார்த்துப் போயின. அப்பா சோர்வில்லாமல் மலையேறினார். லயமே அதைக் கவனித்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் லயத்தில் எட்டுக் காம்பராக்கள், அறைக்கு ஒரு குடும்பம். நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. நெருப்பு, உப்பு, குழம்பு, சண்டை எல்லாம் சுவருக்கு மேலாகவே போய்வரும். மருந்தும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு மிக்ஸர் வந்தால் எட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மடக்கு உண்டு. தனக்குக் கொடுத்த மருந்தைத் தான் மட்டும் குடிக்கிறவனை யாரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள். கஞ்சன் என்ற பெயர் எடுப்பதற்குச் சாவதே மேல் என்பது எங்கள் ஆட்களின் கொள்கை.

பக்கத்துக் காம்பரா மாமா அப்பாவின் உயிர்ச் சிநேகிதர். ஈர்க்குச்சி உடம்பு. உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது என்று அவர் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முனகினார்.

"இந்தா மச்சான், ரெண்டு போட்டுக்க. நான் எப்படி இருக்கேன் பாத்தியா?" என்று அப்பா மாத்திரையை அந்தப் பக்கம் நீட்டினார். மாமா அன்றைக்கு விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான். மருந்தால் விரதம் கெடாது என்று அவராகவே தீர்மானித்து இரண்டையும் விழுங்கினார்.

அன்று பின்னேரம் நாங்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒரே கூட்டம். மாமா வியர்த்துக் கொட்டி, கை கால் நடுங்கி, தோட்டத்துப் பெரிய துரையின் பரம்பரையையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்று, தண்ணீர்க் குழாய்க்கு அடியிலேயே சாய்ந்துவிட்டார். முனி அடித்துவிட்டது என்றார்கள். ஒருத்தி விபூதியைக் குழைத்துப் பூசினாள், ஒருத்தி செருப்பைத் தேடினாள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரோ ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிவந்தார்கள்.

"என்ன குடுத்தனீங்கள்?" என்று அவர் கேட்டதும் அம்மா நடந்ததைச் சொன்னாள். ஐயா சீனியைக் கரைத்துக் கொண்டுவரச் சொல்லி, மாமாவின் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். சற்று நேரத்தில் மாமா கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்து, "எதுக்கு எல்லாரும் என்னயவே பாக்குறீங்க?" என்று கேட்டார்.

ஐயா தொண்டை கிழிய விளக்கினார். சீனி வியாதி இல்லாதவன் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டால் இரத்தத்தில் இருக்கிற சீனியும் வடிந்துபோய்விடும் என்றார். யார் காதில் ஏறியது? லயம் முழுக்கக் கண்ணால் பார்த்திருந்தது. மாத்திரை ஆளைச் சாய்த்தது, சீனி ஆளை எழுப்பியது. உண்மையைச் சொன்னால், நானே ஒரு நிமிஷம் ஆடிப்போனேன்.

"அவரு பட்டினியா கெடந்தாருப்பா. அவருக்கு அந்த வியாதியும் இல்ல. ஒங்களுக்கு இருக்கு" என்று சண்டை பிடித்தேன்.

"தோட்டத்து ஸ்கூல்ல அஞ்சாவது படிச்ச டாக்டரு சொல்றாங்க, கேட்டுக்கங்க" என்று அப்பா சபைக்கு அறிவித்தார். சபை சிரித்தது. போத்தலை எடுத்துத் தேயிலைக்குள் வீசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஐயா இன்னொரு போத்தல் கொடுத்தார். அது சாமி படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சாமியும் சிபாரிசு செய்யவில்லை.

பிறகு எங்கள் லயத்தில் சீனிக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. தலைசுற்றலுக்குச் சீனி, அசதிக்குச் சீனி, அப்பாவின் உள்ளங்கையில் மறுபடியும் பழைய குவியல். மாமா தான் செத்துப் பிழைத்த கதையைக் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மாத்திரை இன்னும் கொஞ்சம் பெரிதானது.

அடுத்த கவ்வாத்துக் காலத்தில் ஒரு கட்டை அப்பாவின் உள்ளங்காலில் ஏறிவிட்டது. அவருக்குத் தெரியவே தெரியாது. தரையில் இரத்தத்தைப் பார்த்து, யாருக்குக் காயம் என்று அவரே கேட்டார். அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். புண் ஆறவில்லை. விரல் கறுத்தது, பிறகு பாதம் கறுத்தது, பிறகு நாற்றம் சுவருக்கு மேலால் எட்டுக் காம்பராவுக்கும் போனது. தோட்டத்து லொறியில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மலையேறியே பிழைத்த மனிதர். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சீனியும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார்கள். நோயாளியை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதல்லவா. அம்மா எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

ஆளில்லாத ஒரு மத்தியானத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, மழுப்பாம சொல்லு. அந்த மாத்திரைய விடாம போட்டிருந்தா கால் இருந்திருக்குமா?"

சொல்வதற்கு என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவிழ்க்க மனம் வரவில்லை.

"அநேகமா இருந்திருக்கும்ப்பா."

அப்பா நடுச்சுவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி, இத பக்கத்து காம்பராவுல சொல்லிடாத. தான் விழுந்ததாலதான் என் கால் போச்சுன்னு நெனச்சுக்குவான். அவனுக்கு மாத்திரைய குடுத்து விழவச்சதே நாந்தான்" என்றார்.

சாயந்திரம் மாமா வலப்பனையிலிருந்து வந்த தன் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கமான கதையைத் தொடங்கி, பீலியடியில் விழுந்து, எழுந்து, கடைசியில் அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"அந்த விஷ மாத்திரைய அன்னைக்கே விட்டதாலதான் மனுசன் உசுரோடயாவது இருக்காரு. என்ன மச்சான்?"

என் வாய் திறந்தேவிட்டது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமா மச்சான்" என்றார்.

நான் குனிந்து, காலில்லாத பக்கம் தொங்கிய சாரத்தை மடித்து அவர் தொடைக்குக் கீழே செருகிவிட்டேன்.