தேதி கேட்ட தலைவர்

மலேசியாவில், மம்பாவ் பக்கத்தில் எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலுக்கு ஒரு தலைவர் இருந்தார். மீசைக்கு மை, கழுத்தில் உருத்திராட்சம், எதைச் சொன்னாலும் மைக் பிடித்த குரல். ஒரு திருவிழாவுக்கு முன் அவர் வீடு வீடாக வந்தார்.

"தங்கச்சி, உங்க தேதி எப்ப வருது?" என்று கூரை விசிறியைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன தேதிண்ணே?"

"அதான்லா... தீட்டோட யாரும் பால்குடம் தூக்கிறக் கூடாதுல்ல. கோயிலுக்குத் தெரியணும்."

"போன்ல குறிச்சு வச்சிருக்கேண்ணே. முன்னப் பின்ன ஆனா கிளினிக்ல கேப்பாங்க, அதுக்காக. கோயிலுக்காக இல்ல."

அவர் முகம் தொங்கிப் போனது. அன்று மாலையே பெண்கள் கூடிப் பேசினோம். மறுநாள் அவர் கேட்ட எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது: திருவிழா அன்றைக்கு.

"எல்லாருக்குமா?" என்று என்னிடம் ஓடி வந்தார்.

"எல்லாருக்கும்தாண்ணே. அன்னதானச் சமையலையும் நாங்க தொட முடியாது. ஆம்பளைங்களே பாத்துக்குங்க."

அவர் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா! இனிமே நம்ம கோயில்ல யாரும் யாரையும் தேதி கேக்கக் கூடாது!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது; யாரோ அவர் கழுத்தில் ஒரு மாலையும் போட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் பணிந்து, அதற்கே மாலையும் வாங்கிக்கொண்ட வேறொரு மனிதரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.